கல்முனைக்குக் கையுறை விற்கப் போனேன்

நீச்சல் தெரியாத ஒருவனைக் கடற்கரை ஊருக்குக் கையுறை விற்க அனுப்பிய பெருமை என் மச்சானைச் சேரும். ஆம்பூரில் அவருக்குச் சொந்தமாகத் தோல் கையுறை தைக்கும் பட்டறை இருக்கிறது. எனக்குச் சொந்தமாக இருப்பது அவருடைய தங்கை மட்டும்தான். ஆகவே அவர் போ என்றால் நான் போவேன். "இலங்கையில இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டுட்டாங்க. நெல் ஆலைங்க நிறைய. மூட்டை தூக்குற ஒவ்வொருத்தனுக்கும் ரெண்டு கை இருக்கு" என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கில் பிழையில்லை. அந்தக் கைகள் கையுறை கேட்குமா என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கப்பல் ஏறியதும் ரயில் மாறியதும் எல்லோரும் எழுதியதுதான், விட்டுவிடுகிறேன். கல்முனைக்கு வந்த பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் மானம் போகத் தொடங்கியது அங்கேதான். மாதிரிக் கையுறைகள் அடைத்த பெரிய பையைக் கூரையில் நெல் மூட்டைகளோடு போடச் சொன்னார் கண்டக்டர். நானே கட்டுகிறேன் என்று வீம்பாக ஏறி எனக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றைப் போட்டேன். நாவிதன்வெளி வயல்களுக்கு நடுவே ஒரு திருப்பத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. பின் சீட்டிலிருந்த அம்மா ஒருவர் வீறிட்டார். திரும்பிப் பார்த்தால் ரோடு முழுக்கக் கைகள் கிடந்தன.

"காக்கா, உங்கட கையெல்லாம் றோட்டுல கெடக்கு. பொறுக்கிக்கிட்டு வாங்க, நாங்க நிக்கிறம்" என்றார் டிரைவர். காக்கா என்றால் இங்கே அண்ணன். பயணிகளில் பாதிப்பேர் இறங்கி என்னோடு பொறுக்கினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படி நடந்தால் பாதிப்பேர் திட்டுவார்கள், மீதிப்பேர் ஆளுக்கொரு சோடியை மடியில் செருகிக்கொள்வார்கள். இங்கே ஒரு பெரியவர் வாய்க்காலில் இறங்கி, நனைந்த கையுறையைத் துணி பிழிவதுபோலப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தார். வயலுக்குள் போய் விழுந்த ஒரு சோடி மட்டும் கிடைக்கவில்லை. பஸ்ஸைக் காக்கவைக்க வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டேன்.

கல்முனையில் இறங்கியபோது கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கிலிருந்து வரும் அனல் காற்று; வாயைத் திறந்தால் நாக்கு காய்ந்துவிடும். எழுபத்தெட்டுப் புயல் அடித்து இரண்டு வருடம் ஆகியும், தலை போன தென்னைகள் கரையோரம் கம்பங்களாக நின்றன. கடைத்தெருவில் சைக்கிள்கள்தான் அதிகம். என்னை எதிர்பார்த்து நின்றவர் அசனார், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். என் மச்சானுக்கு வியாபாரப் பழக்கம். ஒல்லியான மனிதர், எதையும் சொல்லிவிட்டுச் சிரிப்பார், சிரித்துவிட்டுச் சொல்வார்.

அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவருடைய வீடு என்று நினைத்தேன். "இது மனிசிட ஊடு" என்றார். இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு அங்கே வந்துவிடுவார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. மச்சான் வீட்டு மாடியில் குடியிருப்பதை ஆம்பூரில் மூடி மறைத்து வாழும் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. புட்டும் சூரை மீன் ஆணமும் வந்தன. குழம்பை இங்கே முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்கிறார்கள். கடைசியில் மண்சட்டியோடு எருமைத் தயிர் வந்தது. கத்தி போட்டு வெட்டலாம் போலிருந்தது. நான் மூன்றாவது முறை கேட்டபோது உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் நெல் ஆலைகளுக்குப் போனோம். ஒரு ஆலையில் மூட்டை தூக்குகிறவர் கையுறையைப் போட்டுப் பார்த்து, "சாக்கு வழுக்குது காக்கா" என்று கழற்றிக் கொடுத்தார். இன்னொரு ஆலை முதலாளி ஒரு சோடியை விரும்பி வாங்கினார். சூடான தேநீர்க் கோப்பையைப் பிடிக்க வசதி என்றார். மூன்றாவது இடத்தில் நாயைக் கட்டியிருந்தார்கள்; அது ஒரு கையுறையை விரும்பியது. சாயந்தரம் நான் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது அசனார் சொன்னார்: "கிளவுஸ் தேவைப்படுற ஆக்கள் இஞ்ச இரிக்காங்க. சுழியோடிமார். ஆனா அவங்களுக்குப் போட அனுமதி இல்ல."

சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகிறவர்களை இங்கே சுழியோடி என்கிறார்கள். கரையில் இழுக்கும் பெரிய வலை அடியில் கல்லில் மாட்டினால் இறங்கிக் கழற்றிவிடுவார்கள். மற்ற நாட்களில் சங்கும் சிங்க இறாலும் எடுப்பார்கள். "ஏன் அனுமதி இல்லை?" என்று கேட்டேன். "நாளைக்குச் சாப்பாட்டுக்கு ஒரு சுழியோடி வாறான். அவனையே கேளுங்க" என்றார்.

மறுநாள் விருந்தில் சஹன் வைத்தார்கள். சஹன் என்றால் ஒரு பெரிய தாம்பாளம். அதில் சோறும் இறைச்சியும் குவித்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது. தனித்தட்டில் தின்று வளர்ந்த நான், என் பங்கின் எல்லை எது என்று தெரியாமல் பக்கத்து வீட்டு இறைச்சியையும் தின்றுகொண்டிருந்தேன். எதிரே இருந்தவர்தான் அந்தச் சுழியோடி, கமர்தீன். நல்ல தோள், கூச்சமான முகம். அவருடைய வலக்கை நடுவிரல் மடங்கவில்லை. மற்ற விரல்கள் சோற்றை உருட்ட, அது மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ஒரே தட்டில் உண்ணும்போது யாரும் கையை ஒளிக்க முடியாது.

"கறுத்த முள்ளு" என்றார் நான் கேட்காமலே, உடம்பெல்லாம் முள்ளான ஒரு கடற்பிராணியை. "கல்லுக்குள்ள பந்து மாதிரி இரிக்கும். குத்தினா உள்ளுக்கே ஒடிஞ்சிரும். போன மாசம் சீழ் புடிச்சிட்டு. இன்னொருக்கா இந்த விரல்ல புடிச்சா எடுக்க வேண்டி வருமெண்டு டொக்டர் சொன்னார்."

"கையுறை போடக் கூடாதா?" என்றேன். தட்டிலிருந்த கைகள் எல்லாம் ஒரு கணம் நின்றன.

அசனார்தான் விளக்கினார். போன வருடம் வெளியூர்ச் சுழியோடிகள் தடித்த கையுறைகளோடு வந்தார்கள். முள்ளுக்குப் பயமில்லாததால் கடலடிக் கல்லையெல்லாம் புரட்டி, உடைத்து, பொந்து பொந்தாகக் கைவிட்டுச் சிங்க இறாலை அள்ளினார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் மீன் ஒதுங்கவில்லை. கரைவலையில் பாசிதான் வந்தது. இந்த ஊர்ப் பள்ளிவாசலில் குடி என்கிற ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு மரைக்கார் உண்டு, வழக்குத் தீர்ப்பதும் அவர்கள்தான். எல்லா மரைக்கார்களும் கூடி முடிவெடுத்தார்கள்: சிலிண்டர் கட்டலாம், கண்ணாடி போடலாம், கையுறை மட்டும் கூடாது. முன்னின்று பேசியவர் மீராலெவ்வை முதலாளி. இந்தக் கரையில் பெரிய வலை அவருடையது.

"வெள்ளிக்கிழமை நம்மட கமர்தீனுக்கு நிக்காஹ்" என்றார் அசனார், சிரித்தபடி. "பொண்ணு அவர்ர மகள்."

"அப்புறம் என்ன, மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போச்சு" என்றேன் நான், உலகம் தெரிந்தவனாக.

கமர்தீன் தலையை ஆட்டினார். "நான் கேட்டு அவர் ஓமெண்டா, மருமகனுக்காகச் சட்டத்தை மாத்தினாரெண்டு ஊர் கதைக்கும். கேக்காட்டி என்ட விரல் போயிரும். அவரும் பாவம், நானும் பாவம்."

எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் நான் ஏதாவது செய்யாமல் இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை. "நான் பேசிப் பார்க்கிறேன்" என்றேன்.

அடுத்த நாள் காலை கடற்கரைக்குப் போனேன். மீராலெவ்வை முதலாளி வலைகள் வைக்கும் வாடிக்குள் உட்கார்ந்து கயிறு பார்த்துக்கொண்டிருந்தார். தாட்டியான ஆள், வெள்ளைத் தாடி, குரல் மட்டும் மெல்லியது. பால் இல்லாத தேநீர் கொடுத்தார். இங்கே சீனியைத் தேநீரில் கரைப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு வாய் என்று குடிக்க வேண்டும். நான் விளம்பரத்துக்காக எங்கள் பட்டறையின் சிறந்த கையுறையை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். சீனி கொடுத்தபோது அந்தக் கையையே நீட்டினேன். ஆட்டுத்தோலும் சீனியும் சேர்ந்த ருசியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

"கழட்டிட்டு நக்குங்க தம்பி" என்றார் முதலாளி.

நான் பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். எங்கள் கையுறை போட்டால் நெருப்பைத் தொடலாம், கண்ணாடித் துண்டைத் தொடலாம், முள்ளைத் தொடலாம் என்றேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அதுதான் எனக்குப் பயம்" என்றார். "எல்லாத்தையும் தொடலாமெண்டா மனிசன் எல்லாத்தையும் தொடுவான். வெறுங்கையெண்டா கல்லுக்குக் கிட்டப் போக முந்தி யோசிப்பான். மீன் குஞ்செல்லாம் அந்தக் கல்லுக்குள்ளதான் கெடக்கு. கல்லு செத்தா என்ட வலையும் செத்த, வலை இழுக்கிற அவ்வளவு ஊடும் செத்த. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நாங்க எங்க போற?"

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. விற்க வந்தவனுக்கு இதைவிடக் கெட்ட நேரம் வராது. அங்கேயே தேநீருக்கு நன்றி சொல்லி எழுந்திருக்கலாம். அதற்குப் பதிலாக, கையுறை போட்ட கை எவ்வளவு பக்குவமாக வேலை செய்யும் என்று காட்டுகிறேன் பாருங்கள் என்று கடலில் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர்தான். ஆம்பூரில் பாலாற்றில் தண்ணீரே வருவதில்லை என்பதால், அலை என்பது திரும்பவும் வரும் என்ற விஷயம் எனக்குத் தெரியாது. முதல் அலை காலை வாரியது. இரண்டாவது என்னை உருட்டியது. வலைக்காரர் இருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார்கள். கையுறை கழன்று அவர்களோடு போனது. நான் கடலோடு போனேன்.

பிறகு சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மணலில் மல்லாந்து கிடந்த என்னைக் குனிந்து பார்த்த முதலாளி, "கிளவுஸ் முந்தி வந்திட்டு, ஆள்தான் சுணங்கிட்டு" என்றார். கரையே சிரித்தது. வெயிலில் கிடந்த கையுறை மத்தியானத்துக்குள் கருவாடுபோல விறைத்துவிட்டது. அதற்குச் சுறா எண்ணெய் தடவி ஊறவைத்தால் மறுபடி இளகும் என்று கமர்தீன் பிறகு செய்துகாட்டினார். இளகியது உண்மைதான். அந்த வாடை என் விரல்களை விட்டு ஆம்பூர்வரை போகவில்லை.

வியாழக்கிழமை வலை மாட்டியது. கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்துக்கொண்டிருக்க, கயிறு திடீரென்று விறைத்து நின்றது. இழுத்தால் வலை கிழியும், விட்டால் மீன் போகும். முதலாளி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். மறுநாள் மாப்பிள்ளை ஆகப்போகிறவரைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அதற்குள் கமர்தீன் தானே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திருகோணமலைவரை போய்க் காற்று நிரப்பிவரும் பழைய சிலிண்டர், பெயிண்ட் எல்லாம் உரிந்தது. வெறுங்கையோடு தோணியில் ஏறினார்.

காத்திருந்தோம். சுழியோடி கீழே எப்படி வேலை செய்கிறார் என்று அசனார் என் காதில் சொன்னார்: நீரோட்டம் ஆளை அள்ளும்; பலமுள்ள வலக்கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் கண்ணி கண்ணியாகக் கழற்ற வேண்டும். கல்லைப் பிடித்த கையில்தான் முள் ஏறும். கயிறு மெல்ல இளகியது. கரையில் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. வலை நிறைய மீன் வந்தது. எல்லோரும் அதைச் சுற்றிப் போய்விட்டார்கள்.

கமர்தீன் தோணி மறைவில் குந்தியிருந்தார். வலக்கை உள்ளங்கையிலும் விரல்களிலும் பென்சில் முனை ஒடிந்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள், நடுவிரல் ஏற்கெனவே வீங்கத் தொடங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமாட்டச் சொல்லிராதீங்க" என்றார். "நாளைக்கு அவர் என்ட கையைப் புடிச்சுத்தான் பொண்ணைத் தரணும். கையைக் காட்டி நான் கிளவுஸ் கேக்கிற மாதிரி ஆயிரும்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. பையில் வெள்ளைப் பருத்திக் கையுறைகளும் இருந்தன, தோல் பரிசோதிக்கிறவர்கள் போடுவது. "எங்க ஊர்ல மாப்பிள்ளைங்க போடுறதுதான். கௌரவமா இருக்கும்" என்றேன். எங்கள் ஊரில் வெள்ளைக் கையுறை போடுகிறவர்கள் பேண்டு வாசிக்கிறவர்கள். அந்த விவரத்தை நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, மகளுக்காக மீராலெவ்வை முதலாளி கட்டிய புது வீட்டில் நிக்காஹ். சுண்ணாம்பு வாசம் இன்னும் போகவில்லை. மாப்பிள்ளை வெள்ளைக் கையுறையோடு வந்து உட்கார்ந்ததும் சபையில் சலசலப்பு எழுந்தது. பெண்ணின் தந்தையும் மாப்பிள்ளையும் வலக்கையைக் கோத்துக்கொண்டு வாசகம் சொல்ல வேண்டும். முதலாளி கையை நீட்டினார். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"கிளவுஸோட கை புடிச்சா செல்லுமா?" என்றார் ஒரு மரைக்கார். "ஏன் செல்லாது, கை உள்ளுக்குத்தானே இரிக்கு" என்றார் இன்னொருவர். "அப்ப கடல்ல மட்டும் ஏன் ஒண்ணா?" என்று மூன்றாவது குரல் கேட்டது. ஒண்ணா என்றால் இங்கே கூடாது என்று பொருள். ஊரே போன வருட வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மௌலவி இரண்டு முறை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். தூண் ஒல்லி, நான் பருமன்.

"நான் கடலுக்குத்தான் ஒண்ணா எண்ட" என்றார் முதலாளி மெல்லிய குரலில். "இப்ப நான் மகளைத் தாற கையையும் மூடிக்கிட்டா வாற? கழட்டுங்க மருமகன்."

கமர்தீன் கழற்றத் தயங்கினார். முதலாளியே விரல் நுனியைப் பிடித்து உருவினார். துணியோடு ஒட்டிய முள் வந்தது, முள்ளோடு இரத்தம் வந்தது. வெள்ளைக் கையுறையில் சிவப்புப் பொட்டுகள் விழுந்தன.

வழக்கமாக அந்தக் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். முதலாளி இறுக்கவில்லை. சுட்ட அப்பத்தை ஏந்துவதுபோலத் தன் வலக்கையில் அதை வாங்கி, வழக்கத்தில் இல்லாதபடி இடக்கையையும் கீழே கொடுத்துத் தாங்கிக்கொண்டார். மௌலவி வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். முதலாளி அதைச் சொன்னார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். துஆப் பிரார்த்தனை முடியும்வரை முதலாளி அந்தக் கையை விடவேயில்லை.

சஹன் வந்தது. அவர் சாப்பிடவில்லை. எழுந்து மரைக்கார்களைப் பார்த்துச் சொன்னார்: "நேத்து நான் கூப்பிடாம அவன் போனான். கூப்பிட எனக்கு வாய் வரல்ல, போகாத எண்டும் வாய் வரல்ல. என்ட வலைக்குப் போன கை இது. இனி வலக்கைக்கு ஒரு கிளவுஸ் போடட்டும். என்ட மருமகனுக்கு மட்டுமில்ல, இந்தக் கரையில எல்லாச் சுழியோடிக்கும். இடக்கை வெறுங்கையா இரிக்கட்டும். ரெண்டு கையும் மூடினா மனிசனுக்குப் பயம் போயிரும்."

"ஒரு கைக்குக் குடுத்தா மறுகா ரெண்டு கைக்கும் கேப்பாங்க" என்றார் ஒரு மரைக்கார்.

"கேட்டா ஒண்ணா எண்டு சொல்ல நான் இரிக்கன்."

கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல், புதுப்பெண்ணுடையது என்று பிறகு சொன்னார்கள், "வாப்பா, இப்ப சாப்பிடுங்க" என்றது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். மரைக்கார்களும் ஓம் என்று தலையசைத்தார்கள்.

அடுத்த நாள் கமர்தீனை டாக்டரிடம் கூட்டிப்போனது மாமனார்தான். மீதி முட்களை எடுத்து மருந்து கட்டினார்கள். அசனார் கடைக்குச் சுழியோடிகள் வரிசையாக வந்தார்கள். கல்முனையிலிருந்து மட்டுமல்ல, ஒலுவில் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வலக்கைக் கையுறை வாங்கினார்கள். "சோடியா வாங்கினா இடக்கை இலவசம்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை. சட்டம் சட்டம்தான். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரக்கு விற்றுத் தீர்ந்தது, பாதிச் சரக்கு.

ஊருக்குக் கிளம்பும் நாளில் கமர்தீன் பஸ் நிலையத்துக்கு வந்தார். புது மாப்பிள்ளை கடலுக்குப் போகக் கூடாத நாட்கள் அவை, அதனால் வேட்டியும் அத்தர் வாசனையுமாக நின்றார். கட்டுக்குள்ளிருந்து நடுவிரலை எடுத்து, பாதி மடக்கிக் காட்டினார். "டொக்டர் விரலை எடுக்கத் தேவல்ல எண்டுட்டார்." எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் போட்ட சத்தத்தில் கண்டக்டர் விசில் அடித்தார், பஸ் கிளம்பிவிட்டது. பின்னால் ஓடி ஏறினேன்.

பையை இம்முறை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்ததெல்லாம் இடக்கை. மச்சானிடம் என்ன சொல்வது என்று நாவிதன்வெளிவரை யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தத் திருப்பம் வந்ததும், வயல் நடுவே குருவி விரட்ட நட்டிருந்த வெருளியைப் பார்த்தேன். சாக்கு உடம்பு, சட்டித் தலை, நீட்டிய இரண்டு கையிலும் எங்கள் பட்டறையின் கையுறை. இந்தக் கரையிலேயே இரண்டு கையும் மூடியிருந்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்குப் பயமே இல்லை. குருவிகளுக்கும் இல்லை, ஆளுக்கொரு விரலில் உட்கார்ந்திருந்தன.